வழி சொல்லும் கருவி வாங்குமுன்

“வழி வாயிலிருக்கிறது” என்பது நம் முன்னோர் வாக்கு. புதிய ஊருக்குக் காரிற் செல்பவர் சந்தியிலுள்ள தேநீர்க்கடை வாயிலில் வண்டியை நிறுத்தி, “அண்ணை, கோயிலடிக்கு எந்தப் பக்கத்தாலை போறது?” என்று ஒரு சொற் கேட்டாற் போதும். வழியும் கிடைக்கும், அவ்வழியில் மதகு உடைந்திருக்கும் செய்தியும் கூடவே கிடைக்கும். இன்றோ அந்த வாய் காரின் உள்ளேயே வந்து குடியேறிவிட்டது. “இருநூறு மீற்றரில் இடப்பக்கம் திரும்புக” என்று முகமறியாத குரலொன்று கட்டளையிட, சாரதி அதற்குக் கீழ்ப்படிகிறார்.

இக்குரலை எவ்வகைக் கருவி மூலம், எவ்வளவு செலவிற் பெறுவது என்பது கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இன்று எழும் கேள்வியாகும். கையிலிருக்கும் தொலைபேசியே போதுமா? தனிக் கருவி ஒன்று வாங்கவேண்டுமா? இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த உறவினர் அன்பளிப்பாகத் தந்த கருவி இங்கு வேலை செய்யுமா? வண்டியுடனேயே பொருத்தப்பட்டு வந்த திரைக்கு நாம் கொடுத்த விலை தகுமா? இவற்றுக்கு விடை காணுமுன், அக்கருவி எங்ஙனம் வழியறிகிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்வது நன்று. காரணம் அறிந்து வாங்குபவரை விளம்பரம் எளிதில் மயக்காது.

வானம் தருவது என்ன?

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை விண்ணிற் செலுத்தியது. அது அனுப்பிய வானொலி ஒலியை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆய்வுகூடமொன்றிற் கேட்டுக்கொண்டிருந்த வில்லியம் கையர், ஜோர்ஜ் வைபென்பாக் என்னும் விஞ்ஞானிகள் இருவர், அவ்வொலியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே செய்மதியின் பாதையைக் கணித்துவிட்டனர். நிலத்திலிருந்து செய்மதியின் இடத்தை அறியக்கூடுமாயின், செய்மதியிலிருந்து நிலத்திலுள்ளவர் தம் இடத்தை அறிதலும் கூடுமன்றோ? இந்த எண்ணமே செய்மதி வழிகாட்டலின் வித்து.

இன்று உலகெங்கும் பயன்படும் ஜி.பி.எஸ். முறையின் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995இல் நிறைவெய்தியது. அடிப்படையாக 24 செய்மதிகள், பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய இருமுறை உலகை வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் உண்டு. “நான் இன்ன செய்மதி, இப்பொழுது நேரம் இன்னது” என்பதே அவை இடையறாது கூறும் செய்தியின் சாரம். அச்செய்தி ஒளியின் வேகத்தில் வந்தும், நம்மை அடையச் செக்கனின் நூற்றிலொரு பங்கு போல் ஆறு, ஏழு பங்கு நேரமாகிறது. அத்தாமதத்தை அளந்து, செய்மதி எவ்வளவு தூரத்திலுள்ளது எனக் கருவி கணிக்கிறது. நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால் தன் இருப்பிடம், உயரம், சரியான நேரம் ஆகிய அனைத்தையும் அறிந்துகொள்கிறது.

கடிகாரம் பத்து இலட்சத்திலொரு செக்கன் தவறினால் தூரம் 300 மீற்றர் தவறும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி விண்ணிலுள்ள கடிகாரம் நிலத்திலுள்ளதைவிட நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்கு விரைந்தோடும். இதைத் திருத்தாதுவிடின் ஒரே நாளிற் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும். பாடப் புத்தகத்திலுள்ள பௌதிகம் நம் காரின் முன் கண்ணாடியருகே வந்து அமர்ந்திருப்பதை மாணவர்கள் எண்ணி மகிழலாம்.

இம்முறை இராணுவத்துக்காக எழுந்தது. 1983 செப்ரெம்பர் 1ஆந் திகதி, வழிதவறிச் சோவியத் வானெல்லைக்குட் புகுந்த கொரிய விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னர், இவ்வமைப்பு நிறைவுற்றதும் பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என அமெரிக்க ஜனாதிபதி றேகன் அறிவித்தார். எனினும் பொதுமக்கள் பெறும் அலையிற் பிழையொன்று வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்தது. அதனால் நூறு மீற்றர் வரை இடம் தவறும். 2000 மே மாதத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டதும், திறந்த வெளியிற் சில மீற்றர் அளவுக்குத் திருத்தமாக இடமறிதல் எவர்க்கும் எளிதாயிற்று. இன்று ருஷியாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்பனவும் அதே பணியைச் செய்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைக் கேட்கவல்ல கருவி, மலைச்சரிவிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் தடுமாறுவது குறைவு.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்கவேண்டும். செய்மதி பேசுகிறது, கருவி கேட்கிறது, அவ்வளவே. கருவி செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. ஆதலால் இடத்தை அறிவதற்குக் கட்டணமுமில்லை. இணையத் தொடர்பு வேண்டுமென்ற நியதியுமில்லை.

படம் தருவது யார்?

செய்மதிக்கு வீதி தெரியாது. வவுனியா எது, கிளிநொச்சி எது என்பதும் தெரியாது. அது தருவது வெறும் எண்களே. அவ்வெண்களை வீதியாகவும் சந்தியாகவும் மாற்றுவது கருவியினுள் இருக்கும் தேசப்படம். ஒரு வீதி ஒருவழிப் பாதையா, எங்கே திரும்பலாகாது, எது தார் வீதி, எது கிறவல் வீதி என்பனவெல்லாம் மனிதர் சேகரித்து எழுதிவைத்த செய்திகள். அவர்கள் எழுதாத வீதி கருவிக்கு இல்லாத வீதி.

இதன் அருமையை உணரப் பழைய கதையைப் பார்க்கலாம். 1981இல் யப்பானின் ஹொண்டா நிறுவனம் செய்மதியே இன்றி, சுழல்மானியின் துணையால் இயங்கும் வழிகாட்டியைக் காரில் வைத்தது. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட படத்தைத் திரையின்மேற் செருகி வழி பார்க்கவேண்டும். 1985இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஈற்றாக் என்னும் கருவி, படத்தை ஒலிநாடாப் பேழைகளிற் பதிந்து வைத்திருந்தது. நகரத்தின் ஒரு பகுதி முடிந்தால் நாடாவை மாற்றவேண்டும். பசுபிக் தீவு மாலுமிகள் நடுக்கடலில் வழியறியும் முறையொன்றின் பெயரே அக்கருவிக்கு இடப்பட்டது. 1990இல் மஸ்டா நிறுவனம் செய்மதி வழிகாட்டியைக் காரிற் பொருத்தி விற்றது. பின்னர் கார்மின், ரொம்ரொம் ஆகிய நிறுவனங்களின் கையடக்கக் கருவிகள் உலகெங்கும் பரந்தன. 2009 ஒக்டோபரில் கூகிள் நிறுவனம் தொலைபேசியிலேயே இலவசமாகக் குரல்வழி காட்டத் தொடங்கியதும் அவ்விரு நிறுவனங்களின் பங்கு விலைகளும் சரிந்தன. கருவி மாறிக்கொண்டே வந்தது. படத்தின் தேவை மட்டும் மாறவில்லை.

ஆகவே வாங்குவோர் மனத்திற் கொள்ளவேண்டிய முதல் விதி இது: இருப்பிடம் வானத்திலிருந்து வருகிறது, வழி படத்திலிருந்து வருகிறது, வீதி நெரிசல் பற்றிய செய்தி தொலைபேசி வலையிலிருந்து வருகிறது. முதலாவது எல்லாக் கருவிகளுக்கும் பொது. வேற்றுமை முழுவதும் பின்னிரண்டிலுமே உண்டு. நாம் விலை கொடுப்பது கருவிக்கன்று, படத்துக்கே எனலாம்.

தொலைபேசியும் தனிக் கருவியும்

நம் நாட்டிற் பெரும்பாலோர் நாடுவது தொலைபேசியையே. அதற்கு நியாயமுண்டு. புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை. படம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. கொழும்பில் மாலை வேளையில் எவ்வீதியில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்பதையும் அது காட்டும். அச்செய்தி எங்கிருந்து வருகிறது? அவ்வீதியிலே செல்லும் மற்றவர்களுடைய தொலைபேசிகள் ஊர்ந்து நகர்வதைக் கொண்டே நெரிசல் அறியப்படுகிறது. அதாவது நமது பயணமும் அங்ஙனமே எங்கோ பதிவாகிறது. இதை விரும்பாதவர் தம் தொலைபேசியின் அமைப்பிற் பயணப் பதிவை நிறுத்திவைக்கலாம்.

தொலைபேசியின் குறைகள் மூன்று. முதலாவது, அலை கிடையாத இடம். வில்பத்து, யால போன்ற வனப்பகுதிகளிலும் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகள் சிலவற்றிலும் தொலைபேசி அலை மங்கிவிடும். அவ்வேளை செய்மதி நம்மைக் கைவிடுவதில்லை. படந்தான் வந்து சேராது. திரையில் நீலப் புள்ளி மட்டும் வெறுவெளியில் நிற்கும். இதற்குப் பரிகாரம் எளிது. புறப்படுமுன் வீட்டிலேயே அப்பகுதிப் படத்தை இறக்கிச் சேமித்துக்கொள்ளவேண்டும். கூகிள் படத்தில் இவ்வசதி உண்டு. சேமித்த படம் காலாவதியாகுமாதலால் நீண்ட பயணத்துக்கு முன் புதுப்பித்தல் நன்று. ஓஸ்மாண்ட், ஓகானிக் மப்ஸ் முதலிய செயலிகள் நாடு முழுவதன் படத்தையும் தொலைபேசிக்குள்ளேயே வைத்திருப்பவை.

இரண்டாவது குறை வெப்பம். நண்பகல் வெயில் நேரே படும்படி முன் கண்ணாடியருகே வைத்த தொலைபேசி, மின்னேற்றமும் திரையொளியும் சேரச் சூடேறி, மங்கியோ அணைந்தோ போகும். குளிர்காற்று வரும் துவாரத்தருகே அதைப் பொருத்துவது ஓரளவு பயன் தரும். மூன்றாவது, தொலைபேசி தொலைபேசியாகவும் இருப்பது. வழி பார்க்கும் நேரத்தில் அழைப்பு வரும்; செய்தி வரும்; கண் அங்கே போகும்.

தனிக் கருவிக்கு இக்குறைகள் இல்லை. அதன் படம் உள்ளேயே இருக்கும். வெயிலிலும் தெரியும்படி திரை அமைந்திருக்கும். குரல் உரத்து ஒலிக்கும். வேறு அழைப்பு எதுவும் குறுக்கிடாது. பாரவூர்தி ஓட்டுவோர்க்கென வண்டியின் உயரத்தையும் பாரத்தையும் கணக்கிலெடுத்து வழி சொல்லும் தனிவகையும் உண்டு. தாழ்ந்த பாலத்தினடியிற் சிக்கிக்கொள்ளாதிருக்க அது உதவும். சாதாரணக் காருக்கு வேண்டுவதன்று.

ஆயின் மேனாட்டிலிருந்து வரும் கருவியில் ஐரோப்பாவின் படமோ வட அமெரிக்காவின் படமோ இருப்பதே வழக்கம். நம் நாட்டிலே அதை இயக்கினால், இருப்பிடத்தைச் சரியாக எண்ணிற் காட்டும். வீதி ஒன்றும் காட்டாது. கருவி பழுதென்று எண்ணி மூலையில் எறிந்துவிடலாகாது. கார்மின் கருவிகள் பலவற்றில், தொண்டர்கள் கூடி வரையும் ஓபன்ஸ்ரீட்மப் என்னும் இலவசப் படத்தை ஏற்றிக்கொள்ளலாம். 2004இல் பிரித்தானியாவிலே தொடங்கிய இம்முயற்சியில் உலகெங்குமுள்ளோர் தத்தம் ஊர் வீதிகளை வரைந்து சேர்க்கின்றனர். கணினி பழகிய மாணவர் ஒருவர் வீட்டிலிருப்பின் படமேற்றும் வேலை கடினமன்று. தம் ஊரின் விடுபட்ட ஒழுங்கையை அப்படத்தில் வரைந்து சேர்ப்பதும் அவருக்கு இயலும்.

மிகப் பழைய கருவியாயின் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். முறை வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரில் 6ஆந் திகதி அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத கருவிகள் சில திகதியைத் தவறாகக் காட்டலாயின. அன்பளிப்பை முதலில் இயக்கித் திகதியைப் பார்த்தல் அறிவுடைமை.

யப்பானிய வண்டியின் ஊமைத் திரை

நம் வீதிகளிலோடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானிலே சில காலம் ஓடியபின் இங்கே கொண்டுவரப்பட்டவை. அவற்றின் நடுவே அழகிய வழிகாட்டித் திரை பொருத்தப்பட்டிருக்கும். விற்பவரும் அதைச் சுட்டிக்காட்டி வண்டியின் மதிப்பை உயர்த்திப் பேசுவார். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே, திரையிலுள்ள எழுத்து யாவும் யப்பானிய எழுத்து, படத்திலுள்ள வீதி யாவும் யப்பானிய வீதி என்பது விளங்கும். பற்றரியைக் கழற்றி மாட்டினால் இரகசிய எண்ணைக் கேட்டு முழுத் திரையும் பூட்டிக்கொள்வதும் உண்டு. யப்பானிய வானொலிக்கென அமைந்த பழைய பெட்டிகள் நம் நாட்டுப் பண்பலை நிலையங்கள் பலவற்றையும் எட்டமாட்டா.

ஆகவே மீள்விற்பனை வண்டி வாங்குவோர், “வழிகாட்டி உண்டு” என்னும் சொல்லுக்கு ஒரு சதமேனும் மேலதிகமாகக் கொடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். இதில் இலங்கைப் படம் உண்டா? மொழியை மாற்றலாமா? தொலைபேசியை இணைத்து அதன் படத்தைத் திரையிற் காணலாமா? இறுதி வினாவுக்கு ஆம் என்பது விடையாயின் மற்றிரண்டும் அவ்வளவு முக்கியமல்ல. அப்பிளின் கார்பிளே 2014இலும் கூகிளின் அண்ட்ரோயிட் ஓட்டோ 2015இலும் வந்தபின், காரின் திரை தொலைபேசியின் கண்ணாடியாகவே மாறிவிட்டது. மூன்றுக்கும் இல்லையென்பது விடையாயின், அத்திரையை ஓர் அலங்காரமாகவே விலையிற் கணிக்கவேண்டும்.

கடையிற் செய்யவேண்டிய சோதனை

கருவியைக் கடைக்காரர் இயக்கிக் காட்டும்போது காலிமுகத்திடலுக்கு வழி கேட்டுக் காட்டுவார். அது எக்கருவிக்கும் தெரியும். நாம் நம் சொந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லிப் பார்க்கவேண்டும். நாம் கண்ணை மூடிக்கொண்டும் செல்லக்கூடிய அவ்வழியைக் கருவி எங்ஙனம் சொல்கிறது? வயல் நடுவே இல்லாத வீதியைக் காட்டுகிறதா? அண்மையில் திறந்த பாலத்தை அறிந்திருக்கிறதா? தெரிந்த இடத்திற் பொய் சொல்வதைத் தெரியாத இடத்தில் நம்பலாகாது.

அடுத்து, பெயரைத் தேடும் வசதி. தமிழெழுத்தில் எழுதினாற் கண்டுபிடிக்கிறதா? ஆங்கிலத்தில் மட்டுமாயின், ஓரெழுத்து மாறினாலும் பொறுத்துக்கொள்கிறதா? வெள்ளவத்தையின் ஆங்கில எழுத்து ஒரு பலகையில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் இருப்பதை யாவரும் அறிவர்.

திரை ஐந்து அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் நல்லது; வெயிலிற் பிடித்துப் பார்க்கவேண்டும். குரலைக் கேட்டுப் பார்க்கவேண்டும். சாரதி திரையைப் பாராது கேட்டே செல்லக்கூடிய தெளிவு வேண்டும். தனிக் கருவியின் உள்ளிருக்கும் பற்றரி நெடுநேரம் தாங்காது. ஆதலால் காரின் 12 வோல்ட் துளையிற் செருகும் கம்பி உறுதியானதாயிருத்தல் அவசியம்.

“ஆயுட்காலம் முழுவதும் புதிய படம்” என்னும் விளம்பரத்தை நிதானமாக வாசிக்கவேண்டும். அங்கே ஆயுள் என்பது வாங்கியவரின் ஆயுளன்று, கருவியின் ஆயுள். அதை எவ்வளவென நிறுவனமே தீர்மானிக்கும். 2018 ஜனவரியில் ரொம்ரொம் நிறுவனம் தனது பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய படம் இல்லையென அறிவித்ததை இங்கே நினைவுகூரலாம்.

ஒரே பெயர், இரண்டு ஊர்

2009இல் சுவீடன் நாட்டுத் தம்பதியர் இருவர் இத்தாலியின் புகழ்பெற்ற கப்ரித் தீவுக்குப் புறப்பட்டனர். கருவியில் இரண்டெழுத்து இடம் மாறியதால் கார்ப்பி என்னும் வடபகுதித் தொழில் நகரை அடைந்து, தீவின் புகழ்மிக்க நீலக் குகை எங்கேயென்று விசாரித்தனர். இரண்டுக்கும் இடையே 600 கிலோமீற்றருக்கு மேல். தீவுக்குச் செல்பவர் வழியிற் கடலையே காணவில்லையே என்பது அவர்கள் மனத்தில் எழவில்லை.

நமக்கு எழுத்துப் பிழை கூட வேண்டியதில்லை. முல்லைத்தீவில் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு. மட்டக்களப்பில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலும் மட்டக்களப்புக் கொக்குவிலும் பெயரால் ஒன்றே. கல்யாண வீட்டுக்குப் புறப்படுபவர் பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தொட்டுவிட்டால், முகூர்த்தம் ஓரிடத்திலும் விருந்தாளி வேறிடத்திலுமாக முடியும். பெயரைத் தொட்டபின் முழு வழியையும் ஒருமுறை விரித்துப் பார்த்து, மொத்தத் தூரம் பொருந்துகிறதா, இடையில் வரும் ஊர்கள் எவை எனக் கவனித்தல் அரை நிமிட வேலை.

வழியைத் தெரிவுசெய்யும் கணிதத்தையும் அறிந்திருத்தல் நன்று. ஒல்லாந்து நாட்டு டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1956இற் கண்டு 1959இல் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. வீதிகளைக் கோடுகளாகவும் சந்திகளைப் புள்ளிகளாகவும் கொண்டு, மிகக் குறைந்த செலவுள்ள தொடரை அது தேடும். கணிதத்துக்குக் குளக்கட்டும் ஒரு கோடு. தேயிலைத் தோட்டப் பாதையும் ஒரு கோடு. “மிகக் குறுகிய வழி” என்று கேட்டால், மாரிகாலத்திற் சேறாகும் பாதைக்குள் நம்மை இழுத்துச் செல்லவும் அது தயங்காது. ஆதலால் கருவியில் “விரைவான வழி” என்பதையே தெரிந்து, தாரிடாத வீதிகளைத் தவிர்க்கும் வசதியிருப்பின் அதையும் இயக்கிவைக்கவேண்டும்.

கண் வீதியில் இருக்கட்டும்

2012 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் மோற்றன் குடாவில் யப்பானிய மாணவர் மூவர், கருவி காட்டிய வழியே தீவொன்றுக்குச் செல்ல முயன்று, வற்றுக் கடலினுள் வண்டியைச் செலுத்தினர். கடல் பொங்கவே வண்டியைக் கைவிட்டுக் கரையேறினர். 2013இல் பெல்ஜிய மாது ஒருவர், பிரஸ்ஸல்ஸ் நகரப் புகையிரத நிலையத்துக்குச் செல்லப் புறப்பட்டு, நாடுகள் பல கடந்து குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் நின்றார். இவற்றைக் கேட்டு நாம் நகைக்கிறோம். ஆயினும் குரலுக்குப் பழகிய மனம் கண்முன் இருப்பதைக் காண மறுப்பது எவர்க்கும் நேரக்கூடியது.

நகைப்புக்கிடமில்லாத ஆபத்து மற்றொன்று உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் இரண்டு செக்கனில் 33 மீற்றர் ஓடுகிறது. அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகமாயின் 55 மீற்றர். திரையில் ஒரு பெயரை வாசிக்க எடுக்கும் நேரம் அவ்வளவே. அந்த 55 மீற்றரும் சாரதி கண்ணை மூடியவர்க்கு ஒப்பானவர். பாடசாலை விடும் வேளையில், சைக்கிள்கள் நிறைந்த வீதியில், அத்தூரத்தின் விலை ஒரு பிள்ளையின் உயிராகலாம்.

ஆதலால் வண்டி அசையுமுன் போகுமிடத்தைப் பதிந்துவிடவேண்டும். வழியில் மாற்றம் வேண்டுமாயின் நிறுத்தி மாற்றவேண்டும். அல்லது அருகிலிருப்பவர் மாற்றவேண்டும். கருவியைப் பார்வையை மறைக்காத தாழ்ந்த இடத்தில், காற்றுப்பை விரியும் இடத்தை விலக்கி, உறுதியான தாங்கியிற் பொருத்தவேண்டும். ஓட்டும்போது தொலைபேசியைக் கையிற் பிடித்தல் ஆபத்தும் சட்டத்துக்கு மாறானதுமாகும். தாங்கிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபா, கருவிக்குக் கொடுக்கும் பல ஆயிரத்திலும் பயனுடையது. “வீடு” என்ற பெயரிற் சொந்த வீட்டைப் பதியாது அருகிலுள்ள சந்தியைப் பதிவதும் நன்று. கருவி களவுபோனால் களவாளிக்கு வீட்டு வழியையும் நாமே காட்டியவர்களாவோம்.

நள்ளிரவில் நோயாளியுடன் வீதியில் நிற்க நேரிட்டால், வழியறிவதிலும் நாம் நிற்குமிடத்தைச் சொல்வது முக்கியமாகும். 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைப்பவர் தாம் நிற்குமிடத்தைச் சொல்லியாக வேண்டும். கருவியிலிருந்து இருப்பிடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை எடுப்பது எங்ஙனம் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் பகல் வேளையிலேயே பழகிவைத்தல் வேண்டும்.

மாணவருக்கு ஒரு சொல்

2000ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் எலினோர் மகுவயரும் துணை ஆய்வாளரும் வாடகைக்கார் சாரதிகளின் மூளையை ஆராய்ந்தனர். ஆயிரக்கணக்கான வீதிகளை மனத்திற் பதித்துச் சோதனையில் தேறியவர்கள் அச்சாரதிகள். இடத்தை நினைவுகொள்ள உதவும் மூளைப் பகுதியின் பின்புறம் அவர்களிற் சற்றுப் பெரிதாக இருந்தது. அத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களில் அது மேலும் பெரிதாகக் காணப்பட்டது. வழியறியும் அறிவு பயில்வதால் வளர்வது எனக் கொள்ள இவ்வாய்வு இடந்தருகிறது. பயிலாதுவிடின் என்னாகும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

பாடசாலையில் இடவிளக்கப்படம் வாசிக்கப் பழகும் மாணவருக்குக் கார்ப் பயணம் ஒரு செய்முறைப் பாடமாகலாம். நிலஅளவைத் திணைக்களத்தின் படத்தை மடியில் விரித்து, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியிலே தம்புள்ளை, மிகிந்தலைச் சந்தி, வவுனியா, மாங்குளம், ஆனையிறவு என்று கருவிக்கு முந்திச் சொல்லிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் குளம், எந்தப் பக்கம் புகையிரதப் பாதை, சூரியன் எத்திசையில் என்று கவனிக்கட்டும். கருவி சொல்லும் வழியைப் பிள்ளை சரிபார்க்கும். பிள்ளை சொல்லும் வழியைக் கருவி சரிபார்க்கும்.

இனி நம் அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறுவோம். நல்ல தொலைபேசி ஏற்கனவே உள்ள குடும்பத்துக்குப் புதிய கருவி தேவையில்லை. சேமித்த படமும் உறுதியான தாங்கியும் காரில் மின்னேற்றும் கம்பியும் போதும். நாள்தோறும் வெகுதூரம் ஓடுபவர், அலை கிடையாத பகுதிகளுக்கு அடிக்கடி செல்பவர், பாரவூர்தி நடத்துபவர் ஆகியோர் தனிக் கருவி வாங்கலாம். வாங்குமுன் இலங்கைப் படம் அதிலுண்டா, எவ்வளவு காலம் புதுப்பிப்பர் என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்ளவேண்டும். வண்டியுடன் வந்த திரையை அதன் படத்தைக் கொண்டே மதிக்கவேண்டும், பளபளப்பைக் கொண்டன்று.

எதை வாங்கினும் சந்தியில் நிற்கும் பெரியவரை மறக்கலாகாது. நேற்று இரவு பெய்த மழையில் எந்த மதகு உடைந்தது என்பதை இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்திலிருக்கும் செய்மதி அறியாது, அவர் அறிவார். கண்ணாடியை இறக்கி அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு இன்றும் விலை எதுவுமில்லை.